ஈரம் படாத பீரோ

செருப்புக் கடையில் எல்லாரும் செருப்பைப் பார்ப்பார்கள். எங்கள் ஓனர் சார் அட்டைப்பெட்டிக்குள் கிடக்கும் சின்ன வெள்ளைப் பொட்டலத்தைத்தான் பார்ப்பார். தின்னக் கூடாது என்று ஆங்கிலத்தில் அச்சடித்து, உள்ளே கற்கண்டு போல மணி மணியாக இருக்குமே, அந்தப் பொட்டலம். காரைக்கால் கடைத்தெருவில் இரண்டு செருப்புக் கடைக்காரர்கள் அவருக்காகவே அதைச் சேர்த்து வைப்பார்கள். மருந்துக் கடையிலும் சொல்லி வைத்திருந்தார். அவர் வீட்டு மாடிக்கு நான் குடிவந்த முதல் நாளே, "டீச்சர், புது பேக்கு, ஷூ ஏதும் வாங்குனா உள்ள ஒரு பொட்டலம் இருக்கும். தூக்கிப் போட்டுடாதீங்க, எனக்குக் குடுங்க" என்றார். வாடகை, தண்ணீர் மோட்டார் எல்லாம் பிறகுதான் பேசினோம். மனிதருக்கு மரை கொஞ்சம் கழன்றிருக்கிறது என்று அன்றே முடிவு கட்டிவிட்டேன்.

வீடு கோட்டுச்சேரியிலிருந்து கடல் பக்கம் போகிற சாலையில் இருந்தது. அந்தப் பக்கம் இரும்புக்கு ஆயுசு கிடையாது. புதிதாகப் போட்ட கேட் இரண்டு மழைக்காலம் பார்த்தால் போதும், கை வைத்தால் செதில் செதிலாக உதிரும். அப்படிப்பட்ட ஊரில் ஒரு சாமான் மட்டும் துருப் பிடிக்காமல் இருக்க வேண்டும் என்று ஒருவர் வாழ்நாளைச் செலவழித்தார். அது அவருடைய அப்பாவின் கைத்துப்பாக்கி. அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து திரும்பியவர். பழைய காலத்து ரிவால்வர், லைசென்ஸோடு இவர் பேருக்கு வந்தது.

கீழ் வீட்டில் நடு அறையில் ஒரு இரும்பு பீரோ. வெளிச்சுவரில் ஒட்டாமல் ஒரு முழம் தள்ளி நின்றது, சுவரின் ஓதம் ஏறக் கூடாதாம். அதற்குள் ஒரு குண்டு பல்பு எந்நேரமும் எரிந்துகொண்டிருக்கும், உள்ளே காற்று வெதுவெதுப்பாக இருப்பதற்காக. கதவு இடுக்கில் மஞ்சள் வெளிச்சம் கோடாகத் தெரியும். சாரின் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அக்காவுக்கு அந்தப் பல்பின் மேல் ஆத்திரம்.

"எனக்கு ஒரு சக்களத்தி இருக்கா டீச்சர், பாத்தீங்களா? அவளுக்கு மட்டும் ராப்பகலா லைட்டு. நான் அடுப்படியில பல்பு போட்டா கரண்டு பில்லு ஏறிடுமாம்."

சார் சிரிக்கமாட்டார். காதில் விழாதது போல நகர்ந்துவிடுவார். பொதுப்பணித் துறையில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒல்லியான, முதுகு வளையாத மனிதர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன மீட்டர், காற்றில் எவ்வளவு ஈரம் என்று காட்டுவது. பேசிக்கொண்டிருக்கும்போதே எடுத்துப் பார்ப்பார். எண்பதைத் தாண்டிவிட்டால் பேச்சு அங்கேயே நின்றுபோகும்.

ஞாயிற்றுக்கிழமை காலை, வெயில் நன்றாக ஏறிய பிறகு பீரோ திறக்கும். மூட்டம் போட்டிருந்தால் அந்த வாரம் கிடையாது. இரண்டு கையிலும் வெள்ளைப் பருத்திக் கையுறை. விரல் வியர்வையில் உப்பு இருக்கிறது, ஒரு விரல் பட்டால் அடுத்த வாரம் அந்த விரலின் ரேகையே துருவாக எழுந்து நிற்கும் என்பார். முதலில் தோட்டா போடுகிற உருளையைத் திறந்து ஆறு துளையிலும் வெளிச்சம் தெரிகிறதா என்று வாய்விட்டு எண்ணுவார். வீட்டில் தோட்டா என்று ஒன்று கிடையாது. அப்பா செத்த மாதமே எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டார். ஆனாலும் ஒவ்வொரு வாரமும் ஆறு வரைக்கும் எண்ணித்தான் அடுத்த வேலை. பிறகு மெல்லிய எண்ணெயைத் துணியில் தொட்டு, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வருகிற அளவுக்கு ஒரு பூச்சு. தேங்காய் எண்ணெய் கூடவே கூடாது, பிசுக்கு ஏறும். அப்பாவின் தோலுறையைத் தனியாக வேறு அலமாரியில் வைத்திருந்தார்.

"தோலு இருக்குல்ல டீச்சர், அது ஈரத்தக் குடிச்சி உள்ளயே வச்சிக்கும். உறையில போட்டு வச்சா பத்திரம்னு நெனப்போம். அதுக்குள்ளதான் மொதல்ல அரிக்கும்."

கடைசியாக பூதக்கண்ணாடியை வைத்து, துப்பாக்கியின் பக்கவாட்டுத் தட்டையில் பொடியாகக் குத்தியிருக்கும் எண்ணைப் படிப்பார். அந்த எண்தான் அவருக்கு எல்லாம். லைசென்ஸ் புதுப்பிக்கப் போகும்போது காகிதத்து எண்ணும் இரும்பு எண்ணும் ஒத்துப் போக வேண்டும். படிக்க முடியவில்லை என்றால் லைசென்ஸ் போயிற்று, துப்பாக்கியும் அவர் கையை விட்டுப் போய்விடும். எண்ணைப் படித்து முடித்ததும் ஒரு பெருமூச்சு வரும். அடுத்து, ஈரத்தை உறிஞ்ச பீரோவுக்குள் போட்டிருக்கும் பொட்டலத்து மணிகளை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் வருவார். காய்ந்திருந்தால் நீலமாகவும் ஈரம் குடித்திருந்தால் ரோஜா நிறமாகவும் இருக்கும். ரோஜா நிறமானதை அதற்கென்று ஒதுக்கிய ஓட்டை வாணலியில் வறுத்து மறுபடி நீலமாக்குவார். முதல் தடவை மாடியிலிருந்து பார்த்தபோது உப்புமாவுக்கு ரவை வறுக்கிறார் போல என்று நினைத்து, அக்கா கொடுத்துவைத்தவர் என்று பொறாமைப்பட்டேன்.

தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டும். ஒரு தடவை அவரோடு நானும் போயிருந்தேன். சாமானோடு ஒரு முழு வெள்ளைத்தாளில் கட்டளைகள் எழுதிக் கொடுத்தார். பிளாஸ்டிக் பையில் சுற்றக் கூடாது. செய்தித்தாளில் பொதியக் கூடாது. தரையில் வைக்கக் கூடாது. வாரம் ஒரு முறை பொட்டலம் மாற்றவும், மாற்றுப் பொட்டலங்கள் இணைக்கப்பட்டுள்ளன. ஏட்டையா முழுவதும் படித்துவிட்டு, "கொழந்தைய கிரச்சுல உடற மாதிரில்ல எழுதியிருக்கீங்க" என்றார். ஓட்டு எண்ணி முடிகிற வரை சார் இரண்டு நாளைக்கு ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அந்த நாட்களில் அவருக்குச் சாப்பாடே இறங்கவில்லை. துப்பாக்கி திரும்பி வந்த அன்று ஆறு துளையையும் மூன்று தடவை எண்ணினார்.

பழைய துப்பாக்கிகள் சேகரிப்பவர் ஒருவர் சென்னையிலிருந்து வந்தார், யாரோ சொல்லி. பார்த்துவிட்டு வாயைப் பிளந்தார். கடலோரத்தில் இந்த நிலைமையில் ஒன்றைப் பார்த்ததே இல்லை, மியூசியத்தில்கூட இப்படிக் கிடையாது என்றார். எனக்கே பெருமையாக இருந்தது. சாரின் முகமோ யாரோ வைததைப் போல ஆகிவிட்டது. விலை பேச ஆரம்பித்தவரைக் காபிகூடக் கொடுக்காமல் அனுப்பிவிட்டார்.

அன்று சாயங்காலம் கொல்லையில் மணி வறுத்துக்கொண்டிருந்தவரிடம் விளையாட்டாகத்தான் கேட்டேன். "அப்பா மேல அவ்வளவு பாசமா சார்?"

கரண்டி நின்றது. "பாசமா?" என்றார்.

"நான் ஏழாவது படிக்கிறேன். லீவு நாளு, மத்தியானம். அப்பா சாப்புட உக்காந்தாங்க. மீன் கொழம்புல உப்பு கூடிப் போச்சி. எழுந்து போயி இத எடுத்துட்டு வந்து அம்மா நெத்தியில வச்சாங்க. நீயே தின்னுன்னாங்க. சட்டியில இருந்த கொழம்பு மொத்தத்தையும் அம்மா சோறு இல்லாம குடிச்சாங்க டீச்சர். முடியற வரைக்கும் நெத்தியிலேருந்து எடுக்கல. நானும் அண்ணனும் எலையில கைய வச்சபடியே உக்காந்திருந்தோம். உள்ள குண்டு இருந்திச்சா இல்லியான்னு இன்னிவரைக்கும் தெரியாது."

ஆறு வரைக்கும் எண்ணுவது ஏன் என்று அப்போது புரிந்தது.

அப்பா இறந்த பிறகு அம்மா இவரிடம் ஒன்றே ஒன்று கேட்டாராம். இது இனிமேல் எவன் கைக்கும் போகக் கூடாது. அண்ணன் பிரான்சில் இருக்கிறார், அவருக்கு அந்த மத்தியானம் நினைவே இல்லையாம். அப்பா பெரிய வீரர் என்று பேசுகிறாராம். அண்ணன் மகன் காரைக்காலில்தான் இருக்கிறான், தாத்தாவின் துப்பாக்கி எனக்கு வேண்டும் என்று மூன்று முறை ஆள் விட்டான்.

"அவன் கோவத்துல பொண்டாட்டி செல்போன சொவத்துல அடிச்சி ஒடச்சவன். நான் சரண்டர் பண்ணா, வாரிசுன்னு அவன் எழுதிக் குடுத்து வாங்கிக்குவான். கடல்ல போடலாம்னா இந்த எண்ணுக்கு நான் கணக்கு சொல்லணும். அதனால எண்ணு அழியாம, லைசென்ஸ் போவாம, இது என் பீரோலயே கெடக்கணும்."

"உங்களுக்குப் பிறகு சார்?"

"அதத்தான் யோசிச்சிக்கிட்டே இருக்கேன்."

நாங்கள் எல்லாரும் அவர் அதைக் கொஞ்சுகிறார் என்று நினைத்துக் கேலி செய்திருக்கிறோம். மனிதர் காவல் காத்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு எந்த ஞாயிற்றுக்கிழமையும் நான் கேலி பேசவில்லை.

அவருக்கு நெஞ்சு வலி வந்து, புதுச்சேரியில் ஆபரேஷன் என்று முடிவானது. மகள் அங்கேதான் இருக்கிறாள், அக்காவும் கூடப் போக வேண்டும். கிளம்புகிற அன்று மாடி ஏறி வந்தார். அவர் மாடி ஏறி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பாதிப் படியில் மூச்சு வாங்கியது. வீட்டுச் சாவியோடு பீரோ சாவியையும் என் கையில் வைத்தார்.

"ஞாயித்துக்கெழம பொட்டலத்த மட்டும் மாத்துங்க. அதத் தொட வேணாம். சயின்ஸ் டீச்சர், நான் சொல்ல வேண்டியதில்ல. இந்தச் சாவிய இதுவரைக்கும் வேற ஆளுகிட்ட குடுத்ததில்ல."

ஆமாம், நான் விஞ்ஞானம் சொல்லிக்கொடுப்பவள். இரும்பு, தண்ணீர், காற்று மூன்றும் சேர்ந்தால் துரு என்று எட்டாம் வகுப்புக்கு வருடா வருடம் ஆணியை வைத்துச் செய்து காட்டுபவள்.

ஆபரேஷனுக்கு முதல் நாள் ஆயுத பூஜை. அக்கா போன் செய்து, "கீழயும் ஒரு பொட்டு வச்சிடுங்க டீச்சர்" என்றார். கிரைண்டருக்கு வைத்தேன், என் ஸ்கூட்டருக்கு, சாரின் ஸ்பேனர் பெட்டிக்கு, தையல் மிஷினுக்கு வைத்தேன். பீரோவுக்கு எதிரே வந்து நின்றேன். வருடா வருடம் அவர் பீரோக் கதவில் மட்டும்தான் பொட்டு வைக்க விடுவார். ஆயுத பூஜை அன்று வீட்டில் இருக்கிற ஒரே ஆயுதத்துக்குப் பொட்டு இல்லாமலா என்று எனக்குத் தோன்றியது. நாளைக்கு அவருடைய நெஞ்சைத் திறக்கப் போகிறார்கள். ஒரு குறையும் வைக்கக் கூடாது என்று மனசு அடித்துக்கொண்டது. திறந்தேன். பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனத்தைத் தட்டையான இடமாகப் பார்த்து மூன்று விரலால் இழுத்து, நடுவில் குங்குமம் வைத்தேன். மல்லிகைச் சரத்தைச் சுற்றினேன். கும்பிட்டேன். அந்தத் தட்டையான இடத்தில்தான் எண் இருந்தது.

பூஜையில் வைத்ததை அன்றே எடுக்கும் வழக்கம் இல்லை. மறுநாள் விஜயதசமிக்கு அம்மா வீட்டுக்கு, போலகம் போனேன். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று அக்கா போனில் அழுதார். என் பூஜை பலித்தது என்று எனக்கு ஒரு மிதப்பு. அன்று ஆரம்பித்த மழை விடவில்லை. பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டார்கள், கோட்டுச்சேரிப் பக்கம் கரண்டு இல்லை என்றார்கள். பத்து நாள் கழித்துத் திரும்பி வந்து பீரோவைத் திறந்தேன். அழுகின பூ வாடை. பல்பு அணைந்திருந்தது. மணிகள் எல்லாம் ரோஜா நிறம். சந்தனம் காய்ந்து வெடித்து, அதன் ஓரமெல்லாம் செங்கல் நிறத்தில் பொங்கியிருந்தது.

அப்போதாவது அவருக்கு ஒரு போன் செய்திருக்கலாம். ஆபரேஷன் ஆன மனிதரைப் பதற வைக்கக் கூடாது என்று எனக்கு நானே ஒரு சாக்கு சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயம். எப்படியாவது பழையபடி ஆக்கி வைத்துவிட வேண்டும் என்கிற திருட்டுப் பயம். குத்துவிளக்கில் கறை படிந்தால் நம் வீட்டுப் பெண்கள் என்ன செய்வார்கள்? அதையே செய்தேன். ஒரு எலுமிச்சை அளவு புளியை ஊறவைத்து, அதைப் போட்டு நாரால் தேய்த்தேன். துரு போயிற்று, ஆனால் உடம்பில் இருந்த கருநீலப் பூச்சும் திட்டுத் திட்டாகப் போயிற்று. திட்டு தெரியக் கூடாதே என்று உப்புத்தாள் வாங்கி வந்து எல்லா இடமும் ஒன்றுபோலத் தேய்த்தேன். குழாயடியில் கழுவித் துடைத்தேன். பளபளவென்று விளக்கு மாதிரி இருந்தது. அப்பாடா என்று பூதக்கண்ணாடியை எடுத்தேன். எண்ணில் முதல் இரண்டு இலக்கம் நிழல் போல இருந்தது. மற்றதைக் காணோம்.

ஆபரேஷன் ஆன மூன்றாவது வாரம் சார் வந்தார். பாதி ஆளாகிவிட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறியதும் கையுறை போட்டுக்கொண்டார். நான் பக்கத்தில் நின்றேன், சொல்ல வேண்டும் என்றுதான் நின்றேன், வாய் வரவில்லை. கதவைத் திறந்தார். ஆறு வரைக்கும் எண்ணினார். திருப்பிப் பார்த்தார்.

"புளியா?"

"ஆமா சார்."

"உப்புத்தாளு?"

தலையாட்டினேன். நடந்ததை எல்லாம் ஒரே மூச்சில் கொட்டி அழுதேன். அவர் திட்டியிருக்கலாம். கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றி மடித்து வைத்தார். "எனக்காகத்தானே கும்புட்டீங்க" என்றார். பிறகு கட்டிலில் போய் உட்கார்ந்தவர் மத்தியானம் வரை எழுந்திருக்கவில்லை.

மறுநாள் துப்பாக்கியை ஒப்படைக்க என் ஸ்கூட்டரில்தான் லைசென்ஸ் ஆபீசுக்குப் போனோம். புதுப்பிக்க இன்னும் நாள் இருந்தது. ஆனால் எண் அழிந்தது தெரிந்த பிறகு ஒரு நாள்கூட வைத்திருக்கக் கூடாது என்றார். வாசலில் இறங்கியதும் என்னை நிறுத்தினார்.

"டீச்சர், சாவி உங்ககிட்ட இருந்திச்சின்னு சொன்னா எனக்கு ஒரு கேஸு, உங்களுக்கு ஒரு கேஸு. நீங்க கெவர்மெண்டு வேல. உள்ள வாயத் தொறக்காதீங்க."

வேண்டாம் சார், நான் சொல்லிவிடுகிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் ஹெல்மெட்டின் வாரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

உள்ளே அதிகாரி துப்பாக்கியை விளக்கடியில் வைத்து வெகுநேரம் பார்த்தார். முகம் மாறிவிட்டது. எண்ணை அழிப்பது சாதாரணக் குற்றம் இல்லை. "இத யாரு அழிச்சது?"

"நான்தான் சார். ஆபரேஷன் பண்ணிக்கிட்டு வந்தேன். மருந்து மயக்கம். சாமி வெளக்குன்னு நெனச்சித் தேச்சிட்டேன்."

ஒரு பொய்கூடச் சொல்லத் தெரியாத மனிதர். அதிகாரி என் பக்கம் திரும்பி, "அப்படியாம்மா?" என்றார். நான் ஆமாம் என்றேன். ஒரே ஒரு சொல். அதை எழுதிக்கொண்டு அவரிடம் கையெழுத்து வாங்கினார்கள். எண்ணில்லாத துப்பாக்கியை இனி எந்த வாரிசுக்கும் கொடுக்க முடியாது என்றும், கேஸ் முடிந்து உத்தரவு வந்தால் அழித்துவிடுவார்கள் என்றும் அதிகாரி சொன்னார்.

"அழிச்சதும் ஒரு காகிதம் குடுப்பீங்களா சார்?" என்று ஓனர் சார் கேட்டார்.

"குடுப்பாங்க பெரியவரே. நாளாவும்."

திரும்பி வரும் வழியில் எனக்கு லேசாக ஒரு நிம்மதி வந்தது. வெட்கக்கேடுதான், ஆனால் வந்தது. "எப்படியோ சார், அம்மா கேட்டது நடந்துடுச்சி. அண்ணன் மவனுக்குப் போவாதே" என்றேன். பின்னால் உட்கார்ந்திருந்தவர், "அழிக்கற வரைக்கும் அது யாரு கையில இருக்கும்னு நமக்குத் தெரியாதே" என்றார்.

கேஸ் நடந்தது. மூன்று தடவை கோர்ட்டுக்குப் போய், நெஞ்சில் தையல் ஆறாத உடம்போடு கூண்டில் நின்றார். வயசையும் உடம்பையும் பார்த்து அபராதத்தோடு விட்டார்கள். மூன்று தடவையும் எனக்குப் பள்ளிக்கூடத்தில் வேலை இருந்தது. இருந்ததாக ஆக்கிக்கொண்டேன். அதற்கடுத்த வருடம் புதுச்சேரிக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவர் மாதம் தவறாமல் முதல் திங்கட்கிழமை ஆபீசுக்குப் போய், அழித்தாகிவிட்டதா, காகிதம் வந்ததா என்று கேட்டுவிட்டு வருகிறார் என்று அக்கா போனில் சொல்வார். உத்தரவு வரவில்லை என்பார்களாம். மழை நாளில் போனால், அங்கே வைத்திருக்கிற அறை ஒழுகுகிறதா என்றும் கேட்பாராம்.

போன ஆவணி மாதம் அக்கா கூப்பிட்டார். சார் போய்விட்டார். இரண்டு நாள் ஆகியிருந்தது, எனக்கு உடனே சொல்ல அக்காவுக்குத் தெம்பில்லை.

"கடைசி ரெண்டு நாளா அதையேதான் கேட்டுக்கிட்டு இருந்தாங்க டீச்சர். காகிதம் வந்திச்சா, காகிதம் வந்திச்சான்னு. என்னால பாக்க முடியல. கரண்டு பில்லக் காட்டி, வந்திடிச்சிங்க, அழிச்சிட்டாங்கன்னு சொல்லிட்டேன். கண்ணாடி இல்லியே, அவங்களால படிக்க முடியல. அப்படியான்னு கேட்டாங்க. அப்பறமா தூங்குனாங்க."

நான் அழுதேன். அக்கா அழவில்லை.

"அண்ணன் மவன் துக்கத்துக்கு வந்தப்ப, அது எங்க இருக்கு, எப்படி வாங்கலாம்னு விசாரிச்சான். எனக்கு பயமா இருக்கு டீச்சர். நீங்க படிச்சவங்க. ஒரு தடவ அந்த ஆபீசுல போயி, அழிச்சிட்டாங்களான்னு கேட்டுப் பாருங்களேன்."

கேட்கிறேன் அக்கா என்றேன். புதுச்சேரியிலிருந்து பஸ் ஏறினால் சில மணி நேரம்தான். நான்கு மாதம் ஆகிவிட்டது, இன்னும் போகவில்லை. போய்க் கேட்டால் அந்தக் கோப்பைத் திறப்பார்கள். எண்ணை அழித்தவர் என்கிற இடத்தில் அவர் பெயர் இருக்கும், அதற்குக் கீழே அவர் கையெழுத்து இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டு இந்தத் தடவையும் நான் பேசாமல் நிற்பேன் என்று எனக்குத் தெரியும்.